வெந்நீருக்கு ஒரு பாரா

அரசாங்கத்திடம் வெந்நீருக்காக வக்காலத்து வாங்குவதும் ஒரு உத்தியோகம்தான். திருவனந்தபுரத்தில் அதைச் செய்கிற ஒரே ஆள் நான் என்பதால் போட்டி கிடையாது, மரியாதையும் கிடையாது.

வெயிலின் சூட்டைப் பிடித்துத் தண்ணீர் காய்ச்சலாம், அந்தச் சூட்டை வைத்தே குளிர் அறைகூட ஓட்டலாம். இந்தச் சாமான்களைச் செய்கிற சின்னக் கம்பெனிகளுக்கு ஒரு சங்கம் உண்டு. நான் அதன் செயலாளர். டைப் அடிப்பவள், தபால் கொண்டுபோகிறவள், டீ வாங்குகிறவள் எல்லாம் நானேதான். மாநிலத்தின் புதிய சோலார் கொள்கையின் வரைவு வந்தபோது, கரண்ட் எடுக்கிற பேனலுக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். சூட்டுக்கு ஒரு வரி இல்லை. புதுக் கட்டடங்களில் சோலார் ஹீட்டர் கட்டாயம் என்று ஒரே ஒரு பாரா சேர்க்கச் சொல்லி நான் நடக்க ஆரம்பித்தேன்.

சேராவிட்டால் பாறசாலை செல்வராஜ் பட்டறையை மூடிவிட்டு கிரில் கேட் அடிக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். சங்கத்தில் இன்னமும் சொந்தக் கையால் ஹீட்டர் செய்கிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் சத்தமில்லாமல் பேனல் ஏஜென்சி எடுத்துவிட்டார்கள். அவர் பட்டறை மூடினால் சங்கத்துக்கும் பூட்டு, எனக்கும் வீடு. ஃபைல் நகர்வதற்காக அரசாங்க பெஞ்சைத் தேய்த்த புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

ஃபிளாஸ்க்

கொள்கை எழுதுகிற அதிகாரி நெய்யாற்றின்கரைக்காரர். என்னைப் பார்த்தால் தமிழில் பேசுவார், அது ஒரு ஆறுதல். அவருடைய அறையில் ஏ.சி. அப்படிப் போட்டிருந்தது, நான் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் மனுவை நீட்டினேன். படிக்கக்கூட இல்லை. "இந்தப் புழுக்கத்துல ஆருக்கு மேடம் வெந்நீர் வேணும்? நம்ம ஊரு ஆளுக எல்லாம் பச்சைத் தண்ணிதான்" என்றார்.

சொல்லிக்கொண்டே மேஜை மேலிருந்த ஃபிளாஸ்க்கைத் திறந்து, பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீரை ஆவி பறக்க ஊற்றி, ஊதி ஊதிக் குடித்தார். எனக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தார், பாவம், நல்ல மனுஷன். "சார், அப்ப இது என்ன?" என்று கேட்டேன்.

"இது வெந்நீர் ஒண்ணுமில்ல மேடம், இது குடிக்கிற வெள்ளமாக்கும்!"

மாமியின் கறுப்பு டேங்க்

பொதுமக்கள் கையெழுத்து இருந்தால் மனுவுக்கு வெயிட் வரும் என்றார்கள். கரமனையில் எங்கள் தெருவிலேயே ஆரம்பித்தேன். நான்காவது வீட்டு மாமி காபி கொடுத்து, மின்விசிறி போட்டு, நான் சொன்னதை எல்லாம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள். அடடா, ஒரு ஜீவனாவது கேட்கிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேனாவைக் கொடுத்தேன். வாங்கிக் காதோரம் சொருகிக்கொண்டாள்.

"ஏண்டி, எங்காத்து மாடி டேங்க் கறுப்பு, மத்தியானம் குழாயைத் தொறந்தா கை பொத்துப் போறது. இத்தனை வருஷமா நான் சோலார்தானே? முதல்ல அதுக்கு ஒரு சப்சிடி வாங்கித் தா, கையெழுத்தைப் பத்தி அப்பறம் பேசலாம்."

விழிஞ்ஞத்தில் குளிர்

வெந்நீர் வேண்டாமென்றால் போகிறது, குளிராவது வேண்டுமே என்று விழிஞ்ஞம் போனேன். அங்கே மீன் விற்கிற பெண்களின் சொசைட்டிக்கு ஐஸ் ஒரு தீராத தலைவலி. பழுத்த வெயிலில் நின்றுகொண்டு, வெயிலின் சூடு உள்ளே போய் மெஷினை ஓட்டும், அந்த மெஷின் குளிர் கொடுக்கும், மீன் கெடாது என்று கையால் படம் வரைந்து விளக்கினேன். வலை காயப்போட வந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள். சொசைட்டித் தலைவி கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"மோளே, வெயிலத்து வச்சா மீனு கருவாடாகும். அது எங்களுக்கு நல்லாத் தெரியும். அதுக்கு ஒரு பாலிசியும் வேண்டா."

கல்லாறு விஜயம்

சொன்னால்தான் நம்பவில்லை, கண்ணால் பார்க்கட்டும் என்று அதிகாரியையும் அவருடைய கொள்கைக் கமிட்டியையும் கல்லாற்றுக்கு அழைத்துப் போனேன். பொன்முடி அடிவாரத்தில் ஒரு ஹோம்ஸ்டேயில் செல்வராஜ் மாட்டிக் கொடுத்த ஹீட்டர் இருந்தது. குளிர் ஊர், வெந்நீர் தேவை, இதைவிடச் சாட்சி வேண்டுமா! கமிட்டி குடும்பத்தோடு வந்து இறங்கியது. குழந்தைகள் ஆற்றில் குதித்தன. அதிகாரி கடமை தவறாமல் குளியலறைக் குழாயில் விரலை வைத்தார், பிறகு என்னைப் பார்த்தார். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது.

நான் பதறிப்போய் ஓடிப் பார்த்தேன். ஓட்டின் மேல் இருக்க வேண்டிய ஹீட்டர் கொல்லைப்புறத்தில் பெரிய பலா மரத்தின் நிழலில், சருகு மூடி, சுகமாகப் படுத்திருந்தது. "மலைப் பகுதிக்கு ஏற்றதல்ல" என்று அதிகாரி அதற்குள் எழுதி முடித்துவிட்டார். ஹோம்ஸ்டே முதலாளியை நான் கழுத்தைப் பிடிக்காத குறை.

"வெயிலத்து வச்சா நல்லா சூடாகும் மேடம், பக்ஷே கெஸ்ட் எடுக்கிற செல்ஃபியில எல்லாம் இது வந்து விழும், அதான் பலாவுக்கு அடியில மாத்தினேன்."

பாரா வந்தது

நம்பமாட்டீர்கள், கடைசியில் பாரா வந்தது! நான் விடாமல் போய் உட்கார்ந்த தொல்லை தாங்காமல் அதிகாரி சேர்த்துவிட்டார். கட்டடம் கட்டுகிறவர்கள் சத்தம் போட்டதால் சின்னதாக ஒரு திருத்தம் மட்டும்: "ஆய்வு நடைபெறும் நாளில்" மாடியில் ஹீட்டர் இருக்க வேண்டும். இருந்தால் என்ன, பாரா பாராதானே? தெரு முழுக்க லட்டு கொடுத்தேன், மாமிக்கு இரண்டு.

மழை முடிந்ததும் பாறசாலைக்குப் போனேன். பட்டறையில் வெல்டிங் பொறி பறக்கும், ஆட்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் போனால், உள்ளே ஈ காக்கை இல்லை. வாசலில் ஒரு பிக்கப் வண்டி நின்றது, அதன் மேல் பளபளவென்று ஒரே ஒரு ஹீட்டர், கயிறு போட்டுக் கட்டி. வெல்டர்கள் தோளில் துண்டோடு வண்டியில் உட்கார்ந்திருந்தார்கள். செல்வராஜ் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கதான் ஆளில்ல அக்கா, ஆய்வு நாளைக்கு மட்டும் வாடகைக்கு அடிதடி. இதே ஹீட்டர்தான், காலையில பேட்டையில ஒரு மாடி, உச்சைக்குக் கழக்கூட்டத்துல ஒரு மாடி. இனி புதுசு செய்ய வேண்டிய அவசியமே இல்ல" என்றார். அவரைக் காப்பாற்றத்தான் இத்தனையும் செய்தேன், அவரும் பிழைத்துவிட்டார். அந்த ஹீட்டர் டேங்க்கில் தண்ணீராவது ஊற்றிக் காட்டுகிறீர்களா என்று கேட்டேன்.

"தண்ணியா? அதெல்லாம் ஆரும் கேக்கமாட்டாவ அக்கா, தூக்க பாரம் கூடும்லா!"

ஆக, நான் நாயாய் அலைந்து இந்த ஊருக்கு வாங்கிக் கொடுத்தது வெந்நீர் இல்லை, மாடி மாடியாக ஏறி இறங்குகிற ஒரு காலி டேங்க்.