சலூன் கடை உண்டியல்

சலூன்காரர் தர்மம் கேட்கும் விதமே தனி. ஆளின் தாடையை நிமிர்த்தி, சவரக் கத்தியைத் தொண்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோன பிறகுதான் வாயைத் திறப்பார்.

"போகும்போது அந்த உண்டியல்ல ஏதாவது போடுங்களேன். இதய நோய் வந்த குழந்தைங்களுக்கு."

அந்த நேரத்தில் எந்த மகராசன் தலையை ஆட்டி மறுப்பான்? உண்டியல் நிரம்பி வழியும். அதை வைத்த அறக்கட்டளைக்காரர்கள் வந்து திறந்து எடுத்துப் போவார்கள். சலூன்காரருக்கு அதில் பெருமையும் உண்டு.

கடைக்கு மேலே மாடி அலுவலகத்தில் தரை துடைக்கும் பெண் போகவர ஒரு நாணயம் போடுவாள். ஒருநாள் கடைக்குள்ளேயே வந்து நின்றாள். மகனுக்கு இதயத்தில் ஓட்டையாம். ஆபரேஷனைத் தள்ளிப்போடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"உண்டியல்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

"இதுக்குத்தானேம்மா உண்டியலே வச்சிருக்கு. நீ வேற எங்கயும் போய் கையேந்தாத. நான் பாத்துக்கறேன்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனார். ஏசி அறை, சுழல் நாற்காலி, சட்டை மடிப்புக் கலையாத மேலாளர். எல்லாவற்றையும் பரிவோடு கேட்டுக்கொண்டார்.

"ஆபரேஷனுக்கெல்லாம் நாங்க குடுக்கறதில்லைங்க. விழிப்புணர்வுக்குத்தான் செலவு பண்றோம்."

"அப்படின்னா?"

"இந்த மாதிரி உண்டியல் செய்யறது, கடை கடையா வைக்கறது, போட்டோ எடுக்கறது."

"அப்ப, இதுவரைக்கும் ஒரு குழந்தைக்குக்கூட..."

"தண்ணி குடிங்க," என்றார் மேலாளர்.

சலூன்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. விஷயம் வெளியே வந்தால் தெருவில் யார் இந்த மேலாளரைத் தேடி வரப்போகிறார்கள்? இவர் சட்டையைத்தான் பிடிப்பார்கள். தின்றது யாரோ, பழி இவருக்கு. அதுகூடப் போகட்டும். அந்தப் பையன்? இவர் பேச்சைக் கேட்டு அவள் வேறு யாரிடமும் கேட்காமல் இருக்கிறாளே. தண்ணீர் தம்ளரைத் தொடாமலே எழுந்தார்.

"உங்க கடையில நல்லா வசூலாகுது," என்று சொல்லி மேலாளர் இரண்டு புது உண்டியல்களைப் பையில் போட்டுக் கொடுத்தார். தெரிந்த கடைகளில் வைக்கச் சொன்னார். வாங்கிக்கொண்டு வந்தார்.

கடை வாசலில் அவள் நின்றிருந்தாள். தோளில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான், உதடு லேசாக நீலம் பாய்ந்து. அப்படியே திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது சலூன்காரருக்கு. அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். அவர் கையில் புடைத்துக்கொண்டு தொங்கிய பையையும் பார்த்துவிட்டாள். அவள் முகம் மலர்ந்தது.

அவள் பையன் முதுகில் தட்டினாள். "எந்திரி கண்ணு. மாமா நம்ம ஆபரேஷன் பணத்தோட வந்துட்டாரு பாரு. தேங்க்ஸ் சொல்லு."

பையன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்.