உயர்த்திய கைக்கு வழக்கில்லை

லூசில் திபோடோ பத்தொன்பது ஆண்டுகள் ஹார்லன் மில்ஸ் நகராட்சியின் எடை அளவு ஆய்வாளராக இருந்தார். மெய்ன் மாநிலத்தின் அந்த ஆலை ஊரில் மீன்கடைத் தராசு முதல் பெட்ரோல் பம்பு வரை எல்லாம் அவர் முத்திரைக்குக் கட்டுப்பட்டவை. கடைக்காரர் நீட்டும் காப்பியைக்கூடக் காசு கொடுத்துத்தான் குடிப்பார்.

போன இலையுதிர் காலத்தில் வாரன் ஸ்டிக்னியின் பெட்ரோல் பங்கில் இரண்டாம் பம்பு ஐந்து கேலனுக்கு ஒரு கோப்பை குறைவாக ஊற்றியது. ஆய்வாளர் அவிழ்க்கும்வரை பம்பை யாரும் பயன்படுத்தக் கூடாது என்னும் சிவப்புச் சீட்டை லூசில் அதில் கட்டினார். ஸ்டிக்னி நகர மன்றத் தலைவர்.

“ஒரு கோப்பைக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம், லூசில்?”

“ஒரு கோப்பைதானே, ஒழுங்கா ஊத்து வாரன். நானே வந்து அவுத்துடறேன்.”

அதற்காகக் கடிதம் கொடுத்து லூசிலை நீக்கியிருந்தால் மன்றத்தார் வழக்கில் மாட்டியிருப்பார்கள். நகராட்சி வக்கீல் கெட்டிக்காரர். பதவியையே ரத்து செய்து தீர்மானம் போடச் சொன்னார். அது சட்டம் இயற்றுவது. இயற்றியவர் மனதில் என்ன இருந்தது என்று நீதிமன்றம் கேட்காது. ஐந்து பேர் மன்றத்தில் நான்கு கைகள் உயர்ந்தன. நான்காவது, பனி தள்ளும் வண்டி ஓட்டும் என் அப்பாவின் கை.

“ஏம்ப்பா தூக்கினீங்க?”

“எல்லாரும் தூக்கினாங்கம்மா. நான் மட்டும் கையை மடியில வச்சிருந்தா வாரன் என்ன நெனப்பான்?”

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். ஒரு வக்கீலம்மாவிடம் வேலை செய்கிறேன். “ஜெயிச்சிடுவோம்” என்று லூசிலுக்கு வாக்குக் கொடுத்ததும் நான்தான். நால்வர் மீதும் போட்ட வழக்கு முதல் விசாரணையிலேயே தள்ளுபடியானது. பழிவாங்கலா என்று நீதிபதி கேட்கவே இல்லை. கேட்கக் கூடாதாம். அயோக்கியத்தனத்தை ஒருவன் செய்தால் குற்றம், நான்கு பேர் கைதூக்கிச் செய்தால் ஆட்சி. இதைத் தெரிந்துகொள்ளவா கல்லூரிக்குப் போனேன்?

ஸ்டிக்னிக்குத் தலைகால் புரியவில்லை. மன்றத்தில் கைதூக்கியதற்குச் சட்டம் தந்த கவசம் தன் உடம்போடு ஒட்டிப் பிறந்ததாக நினைத்துக்கொண்டார். மறுநாள் காலை, வாடிக்கையாளர்கள் பார்க்க, சிவப்புச் சீட்டைத் தன் கையாலேயே பிய்த்தெறிந்தார். பார்த்தவர்களில் லூசிலும் ஒருவர். மாநில எடை அளவு அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

மாநிலம் வழக்குப் போட்டது. நீதிமன்றத்தில் ஸ்டிக்னி நெஞ்சை நிமிர்த்தினார். “நான் மன்றத் தலைவர்ங்க. எம்மேல கேஸ் செல்லாது.”

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றினார். “அதை எந்தக் கூட்டத்துல ஓட்டெடுத்துப் பிச்சீங்க?”

அபராதம் விழுந்தது.

அடுத்த கூட்டத்தில் ஐந்தாவது உறுப்பினரான மருந்துக்கடை அம்மாள், லூசிலின் பதவியை மீட்கத் தீர்மானம் கொண்டுவந்தார். சொந்த பம்பு விவகாரம் என்பதால் ஸ்டிக்னி ஓட்டுப் போடக் கூடாது. மற்ற நால்வரில் மூன்று கைகள் வேண்டும். லூசில் கோட்டைக்கூடக் கழற்றாமல் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு கைகள் உயர்ந்தன. எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா ஸ்டிக்னியைப் பார்த்தார். டோனட் சர்க்கரை ஒட்டிய அப்பாவின் கை மேசையிலேயே கிடந்தது. லூசில் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

வண்டியில் கேட்டேன், “ஏம்ப்பா தூக்கல?”

“அதை யாரும் கேக்க முடியாதுன்னு நீதானே சொன்னே” என்றார் அப்பா.

சொன்னேன்தான். படித்துத் தெரிந்துகொண்டதைச் சாப்பாட்டு மேசையில் பெருமையாக அவருக்கு விளக்கியதும் நான்தான்.