கிட்டாருக்குப் பச்சையே தகும்

நிறங்களைப் பற்றி எனக்கு ஐயம் எழுந்ததே இல்லை. கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன் நான். ஒரு பொருளுக்குரிய சொல்லைத் தேர்ந்துவிட்டால் பின்னர் அதை மாற்றும் வழக்கமில்லாதவன். மாலைகளில் மின்கிட்டார் வாசிப்பவன் என்பது இதனோடு பொருந்தாத செய்தி என்று உடன் பணிபுரிவோர் கருதுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே ஒழுங்கின் இரண்டு பக்கங்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், பெங்களூரில் பழைய இசைக்கருவிகள் விற்கும் கடையொன்றின் சுவரில் ஒரே வடிவமுடைய இரண்டு கிட்டார்கள் தொங்கின. ஒன்று நீலம், மற்றது பச்சை. என் மனைவி நீலத்தைக் காட்டினாள். நான் பச்சையை வாங்கினேன். நாமக்கல்லுக்குத் திரும்பும் பேருந்தில் அதற்குரிய காரணங்களை அவளுக்கு விரித்துரைத்தேன். நீலப்பூச்சு முதற்பார்வையிலேயே தன்னை முழுவதும் காட்டிவிடுகிறது. அதன்பின் அதில் காண ஒன்றுமில்லை. தந்திகளுக்குக் கீழே பதித்திருக்கும் வெள்ளைத் தகட்டின் அருகே அது பள்ளிச் சீருடையை நினைவூட்டுகிறது. பச்சையோ வெயிலில் மஞ்சளை நோக்கியும் நிழலில் கருமையை நோக்கியும் நகர்வது. பார்க்குந்தோறும் சிறிது ஒளித்துவைப்பது. கிருஷ்ணகிரியைக் கடந்தபோது திரும்பிப் பார்த்தேன். அவள் கண்கள் மூடியிருந்தன.

சென்ற கோடையில் அந்தப் பச்சைக்குக் கேடு வந்தது. வாசிக்கும்போது வலது முன்கை படியும் விளிம்பில் பூச்சு வெடித்து, செதில் செதிலாக உதிர்ந்து, உள்ளங்கையளவு மரம் வெளிப்பட்டது. ஆவணியில் மகளின் திருமண வரவேற்பில் வாசிப்பதாக வாக்களித்திருந்தேன். மரம் தெரியும் கருவியோடு மேடையேற மனமில்லை. அதைவிடவும் பெரிய அச்சம், உதிர்வது பரவி, அந்தப் பச்சையே இல்லாமற் போய்விடுமோ என்பது.

சங்ககிரியில் லாரிகளுக்கு வண்ணம் பூசுபவர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். சேலத்துக் கடையின் வாசலில், வெயிலில் நின்றபடி, வண்ண அட்டையை அரைமணி நேரம் கிட்டாரோடு ஒப்பிட்டு ஒரு டப்பா பச்சை வாங்கினேன். சங்ககிரியில் உறவினர் வீட்டில் அழைப்பிதழ் கொடுக்க வேண்டியிருந்ததால் மனைவியும் பட்டறைக்கு உடன் வந்தாள்.

பட்டறைக்காரர் கிட்டாரை இரு கைகளிலும் ஏந்தி எடை பார்த்தார்.

"எந்த வண்டியில கழட்டுனதுங்க சார் இது?"

"இது கிட்டாருங்க."

"அது தெரியுதுங்க. கதவு கனம் இருக்குதே, அதான் கேட்டேன்."

என் டப்பாவிலிருந்து சிறிதெடுத்து ஒரு பலகையில் அடித்தார். உலர்ந்ததும் கிட்டாரின் பக்கத்தில் பிடித்தார். பச்சைதான், ஆனால் பக்கத்திலிருந்த பச்சைக்கு உறவில்லாத பச்சை.

"இது டிராக்டர் பச்சைங்க. உங்களுது இதில்லீங்க."

"அட்டையில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன்."

"அட்டை சரியாத்தான் இருக்குமுங்க. உங்க கிட்டாரு அந்த அட்டையில இல்லீங்க. நம்பர் பிளேட்டுக்கு அடியில பாத்துப்போட்டுச் சொல்றேன்."

பழைய லாரியில் ஓரிடத்திற்கு மட்டும் வண்ணம் பூசவேண்டுமானால், வெயில் பட்ட பரப்பை அவர்கள் நம்புவதில்லையாம். எண் பலகையைக் கழற்றி, அதன் மறைவில் கிடக்கும் நிறத்தைப் பார்த்துத்தான் கலவை சேர்ப்பார்கள். கிட்டாரில் அதற்கு நிகரானது தந்திகளுக்குக் கீழுள்ள வெள்ளைத் தகடு என்று அவரே முடிவு செய்துகொண்டார். நான் தந்திகளைக் கழற்றினேன். அவர் திருகாணிகளை எடுத்து, உள்ளிருந்த மின்கம்பிகள் தொங்கத் தகட்டைத் தூக்கினார்.

அடியில் நீலம். தகட்டின் வடிவத்திற்கு வெட்டி ஒட்டியதுபோல், கூர்மையான ஓரங்களோடு, ஐயத்திற்கு இடமற்ற நீலம்.

"மேல அடிச்ச வார்னீசு பழுத்துப்போச்சுங்க," என்றார் அவர். "நீலத்து மேல மஞ்சள் ஏறுனா என்னாகும், பச்சைதானே."

என் மனைவி குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, பள்ளிக்கூடத்துச் சீருடையாட்டம் இருக்குதுன்னு சொன்னீங்களே, அது இதானுங்களா?"

"நீ அன்றைக்குத் தூங்கவில்லையா?"

"கண்ணைத்தான் மூடியிருந்தனுங்க."

பட்டறைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு செய்திக்கு வந்தார். முழுவதையும் சுரண்டிவிட்டு, முதலில் இருந்தபடியே நீலம் அடித்துவிடலாம். அது எளிது, புதியதுபோல் இருக்கும். உதிர்ந்த இடத்திற்கு மட்டும் ஒட்டுப்போட்டால் பழைய பச்சையோடு ஒத்துவர வேண்டும். "வரலீன்னா அப்புறம் சுரண்டறது தவிர வேற வழியில்லீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க ஒன்றுமில்லை என்றே எனக்குத் தோன்றியது. ஆயினும் இம்முறை மனைவியின் முகத்தைப் பார்த்தேன்.

"உங்க பச்சையே இருக்கட்டுமுங்க," என்றாள். "தப்பிப்போனா நீலம். அதுல எனக்கொண்ணும் நட்டமில்லை."

அவர் பலகையில் மூன்று பட்டைகள் அடித்தார்: என் டப்பாவின் பச்சை, வெறும் நீலம், நீலத்தின்மேல் மஞ்சள் கலந்த வார்னிஷ். மூன்றையும் வெயிலுக்கும், ஒரு லாரியின் நிழலுக்கும், உள்ளே குழல்விளக்கின் அடிக்கும் கொண்டுபோய்ப் பார்த்தோம். டப்பாப் பச்சை மூன்றிடத்தும் அசையாமல் இருந்தது. நீலம் நிழலில் சற்றுச் சாம்பல் பூத்தது. மூன்றாவது மட்டுமே இடத்துக்கு இடம் நகர்ந்தது. பேருந்தில் நான் சொன்னவை அனைத்தும் சரியே என்று அப்போது உறுதிப்பட்டது. அவை எல்லாப் பச்சைக்கும் உரியவை அல்ல, நீலத்தின்மேல் முதிர்ந்த பச்சைக்கு மட்டுமே உரியவை என்ற ஒரு திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

மஞ்சளை அவர் சொட்டுக் கணக்கில் சேர்த்தார். முதற்கலவை வெளிறியது. இரண்டாவது, கிட்டாரின் பக்கத்தில் வைத்தபோது, எங்கே முடிகிறது எங்கே தொடங்குகிறது என்று மூவருக்கும் தெரியவில்லை. உதிர்ந்த இடத்தில் முதலில் நீலத்தை அடித்து, அதன்மேல் அந்தக் கலவையை ஏற்றினார். கடைசிப் பூச்சுக்கு முன், தகட்டின் அடிக்கும் அதையே கொடுக்கலாமா என்று கேட்டார்.

"அங்க வேண்டாமுங்க," என்றாள் மனைவி. "அது என்னுது."

அந்த நீலத்தைத் தாளால் மூடி ஓரங்களில் நாடாவை அவளே ஒட்டினாள்.

வரவேற்பில் வாசித்தேன், நன்றாகவே வாசித்தேன். ஒட்டுப்போட்ட இடத்தை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. மேடைக்கு அலங்காரம் செய்தவர்கள் முழுவதும் நீல விளக்குகளைப் போட்டிருந்தார்கள். புகைப்படங்கள் வந்தபோது, அவை ஒவ்வொன்றிலும் கிட்டார் நீலமாக விழுந்திருந்தது. அவற்றுள் பெரியதொன்றை அவள் தேர்ந்து சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அதற்கு நேர் கீழே, ஆணியில், என் கிட்டார் பச்சையாகத் தொங்குகிறது.