ஷமீமா அக்காவின் கடைசிச் சரணம்

எடிட்டிங் அறைக் கதவைத் திறந்து, எங்கள் செய்திப் பிரிவுத் தலைவர் சொன்னார்: "அந்த ஏரிப் பாட்டு அம்மா போயிட்டாங்களாம். முப்பது செகண்ட் வெட்டிக் குடு." ஷமீமா அக்கா இறந்த செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. அழக்கூட நேரமில்லை, அடுத்த செய்தியறிக்கைக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது.

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தவர் அவர். ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வந்த வருடம், மகளின் கீபோர்டை வைத்துக்கொண்டு ஒரு பாட்டு போட்டார். துள்ளலான மெட்டு. ஏரியைத் தூர்த்தவர் யார் என்று அதிகாரியைக் கேட்டது முதல் சரணம், கட்சிக்காரரைக் கேட்டது இரண்டாவது. மூன்றாவதில் தன்னையே கேட்டுக்கொண்டார். தேர்தல் நேரம். எங்கள் விவாத நிகழ்ச்சியில் அதைப் போட்டோம், மூன்றாவது சரணம் இல்லாமல். "அது இருந்தா சூடு ஆறிடும்" என்றார் தலைவர். வெட்டியவன் நான். அக்காவைத் தெரிந்த உங்களில் பலருக்கு இது தெரியாது.

மறுவாரமே அந்தப் பாதிப் பாட்டு ஒரு கட்சியின் பிரசார ஆட்டோக்களில் ஏறிவிட்டது. ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் அக்கா ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். நானும் உடன் இருந்தேன்.

"இன்னாக்கா, உன் பாட்டுதானே? சும்மா கெத்தா கீது!" என்றார் ஓட்டுநர்.

"பாதிதாம்பா என்னுது. மிச்சத்தையும் போடு."

"இவ்ளோதான்க்கா குடுத்துகீறாங்க."

அக்கா சிரித்துவிட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சிரிப்பு நீடிக்கவில்லை. ஒரு பக்கம் கெட்ட கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். இன்னொரு பக்கம் பொன்னாடையோடு வாசலுக்கு வந்தார்கள். 'நீங்கள் எந்தக் கட்சி' என்று மளிகைக்கடையில்கூடக் கேட்டார்கள். இனி பொதுவில் பாடுவதில்லை, பேட்டி தருவதில்லை என்று கல்லூரி நிர்வாகம் எழுதி வாங்கியது. மகள் அங்கேயே படித்துக்கொண்டிருந்தாள், அதனால் அக்கா கையெழுத்துப் போட்டார். தான் என்ன பாடினோம் என்று விளக்கக்கூட வழியில்லை. அந்த வழி என்னிடம் மட்டும் இருந்தது.

அதனால்தான் மாதம் ஒருமுறையாவது போன் செய்வார். "தம்பி, முழுசா ஒரு தடவ போட்டுடுப்பா. திட்டுறவங்க அதைக் கேட்டுட்டுத் திட்டட்டும்." நானும் ஒவ்வொரு தடவையும் "போட்டுடலாம்க்கா" என்பேன். தலைவரிடம் ஒரே ஒருமுறை கேட்டேன். அவர் பார்த்த பார்வையில் என் வீட்டுக்கடன் ஞாபகம் வந்தது. அப்புறம் கேட்கவில்லை.

அஞ்சலிக்காக அன்று நான் கொடுத்ததும் பழைய துண்டுதான். மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். மகள் தண்ணீர் கொடுத்தாள். "டிவில பார்த்தோம்ண்ணா. அம்மா இருந்திருந்தா இன்னிக்கும் உங்களுக்கு போன் பண்ணியிருப்பாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மூன்றாவது சரணம். அதை ஒளிபரப்பும் துணிச்சல் இன்றும் எனக்கு இல்லை. எழுதத்தான் முடிகிறது. தயவுசெய்து, அவரைத் தெரிந்தவர்களாவது முழுதாக வாசியுங்கள்:

பட்டா இருக்குன்னு நான் வந்தேன்,
ஏரி இருக்குன்னு தண்ணி வந்துச்சு.
யாரு வூட்டுக்குள்ள யாரு வந்தது?
தண்ணி கேட்டுச்சு, எனக்குப் பதில் இல்ல.