பெருவிரல் நிமிர்ந்தது

போன ஞாயிறு அல்லைப்பிட்டியில் திருநாள். மாதாவின் சொரூபத்தை, எங்கள் பேச்சில் சுருவத்தை, தோளில் தூக்கித் தெருவைச் சுற்றி வந்தார்கள். பக்கத்து வளவு மரியதாஸ் மட்டும் எங்கள் வாசல் படலையில் நின்றார். பன்னிரண்டு வருடமாகச் சுருவத்தின் முன்பக்கம் அவர் தோளில்தான். இந்த முறை இளந்தாரிகள் மறித்துவிட்டார்கள்.

"அண்ணை, நீங்கள் தடக்குப்பட்டால் மாதா விழுந்திடுவா."

ஏன் தடக்குப்படுகிறார்? வெட்கத்தை விட்டு அதைத்தான் இந்த வாரப் பத்தியில் சொல்லப் போகிறேன்.

போன வருடம், திருநாளுக்கு முதல்நாள் காலை. கரையில் வள்ளம் தள்ளும்போது யாரோ உடைத்தெறிந்த போத்தல் ஓடு மரியதாஸின் புறங்காலை வெட்டிவிட்டது. காயம் ஒரு அங்குலம்கூட வராது. மனைவி றீற்றா யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று ஒற்றைக்காலில் நின்றார். மனிதன் கேட்டால்தானே!

"அங்கை போனால் வாட்டிலை மறிச்சுப் போடுவாங்கள். நாளைக்குச் சுருவம் தூக்கவேணும். மாஸ்டர், நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ."

முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவனிடம் கேட்டால் சும்மா இருப்பேனா?

"பெருவிரலை ஒருக்கா நிமித்தும், பாப்பம்."

நிமிர்ந்தது. கொஞ்சம்தான்... ஆனால் நிமிர்ந்தது.

"பிறகென்ன? நரம்பு அறேல்லை. போய்ச் சுருவத்தைத் தூக்கும்."

நானே மருந்து வைத்துக் கட்டியும் விட்டேன். அவ்வளவு பெருமை எனக்கு!

காயம் ஆறியது. விரல் தொங்கிப்போனது. நடக்கும்போது மண்ணில் மடிந்து மனிதனை விழுத்தியது. நாலு மாதம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் வயதில் சின்னவர், என்னிடம் படித்தவர்களின் வயதுதான். பெருவிரலை அமத்திப் பிடித்துக்கொண்டு "இப்ப நிமித்துங்கோ ஐயா" என்றார். மரியதாஸ் பல்லைக் கடித்துப் பார்த்தார். ஏலவில்லை.

நாங்கள் நரம்பு என்கிறோமே, அது தசைநாண். விரலை நிமிர்த்துகிற பெரிய நாண் அன்றைக்கே அறுந்துவிட்டதாம். ஆனால் எல்லோருடைய காலும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்குப் பெருவிரலுக்கென்று மெல்லிய நாண் ஒன்று பிறப்பிலேயே கூடுதலாக இருக்கும். மரியதாஸுக்கும் இருந்தது. அன்று விரலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி என்னை ஏமாற்றியது அதுதான். தனியே விரலைத் தாங்க அதற்குப் பலம் இல்லை.

"அசையுதோ எண்டு மட்டும் பாத்தால் போதாது, ஐயா. அமத்திப் பிடிச்சுப் பாக்கவேணும். அண்டைக்கே வந்திருந்தால் லேசாத் தைச்சிருக்கலாம்."

அறுந்த முனை மேலே இழுபட்டுப் போயிருந்தது. வேறிடத்து நாண் எடுத்து வைத்துத் தைத்தார்கள். விரல் முழுதாக எழும்பவில்லை. கடலுக்கும் இப்போது மற்றவர்கள்தான் போகிறார்கள். இவர் கரையில் இருந்து கிழிந்த வலை பொத்துகிறார்.

மரியதாஸ் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நித்திரையாவது வந்திருக்கும்.

போன ஞாயிறு சுருவம் எங்கள் படலையைத் தாண்டியது. கும்பிட்ட கையை இறக்காமலே கேட்டார்:

"மாஸ்டர், வாற வருஷமாவது தூக்குவனோ?"

"தெரியாது, மரியதாஸ்."

போன வருடமே நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.