அம்மாவின் வலது பாதம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அப்பா எனக்குக் கொடுத்தார். கூடவே ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தார். "என் வண்டி வேலைக்கு உறுதுணையாக இருந்தவர் என்று மறக்காமல் போடவும்" என்று அதில் எழுதியிருந்தது. போட்டுவிட்டேன். இனி வருவது என் பங்கு.

அம்மா பிறந்தது மராட்டியப் பக்கத்துக் கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி அம்மாவைத் தையல் மெஷினில் உட்கார வைத்தார்கள். கல்யாணமாகி சாங்விக்கு வந்த பிறகும் அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை. என் பள்ளிச் சீருடை முதல் தெருப் பெண்களின் ஜாக்கெட் வரை அந்த மெஷினில்தான் தைத்தார். மிதித்து மிதித்து அவர் பாதத்துக்குத் தனி அறிவு வந்துவிட்டது. ஊசி மழுங்கினால் கண்ணுக்கு முன்னால் காலுக்குத் தெரிந்துவிடும் என்பார். நாங்கள் சிரிப்போம். அப்பா சிரிக்கவில்லை. குறித்து வைத்துக்கொண்டார்.

அப்பா ராணுவ வண்டி டெப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்றதும், பட்டாளத்தில் கழித்துவிட்ட மூன்று டன் லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்துவந்து வீட்டு முன்னால் நிறுத்தினார். அம்மா வெண்டையும் கறிவேப்பிலையும் வைத்திருந்த இடம் அது. லாரியின் பின்பக்கம் சரியாகச் சமையலறை ஜன்னலை அடைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அம்மா பட்டப்பகலில் டியூப் லைட் போட்டுச் சமைத்தார். கரண்ட் போனால் பருப்பில் கல்லை விரலால் தடவிப் பொறுக்குவார்.

"கொஞ்சம் முன்னால தள்ளி நிறுத்துங்களேன், வெளிச்சமே இல்ல" என்று ஒருநாள் கேட்டார்.

"பிரேக் சரியாகட்டும். அன்னிக்கே வெளிய எடுத்துடறேன். அதுவரைக்கும் சும்மா இரு" என்றார் அப்பா.

அந்த ஒரு வாக்கை நம்பி அம்மா எட்டு வருஷம் இருந்தார்.

பிரேக் குழாயில் எண்ணெய்தான் ஓட வேண்டும், காற்று புகுந்தால் பிரேக் பிடிக்காது. காற்றை வெளியேற்ற இரண்டு பேர் தேவை. ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்துச் சக்கரத்தருகே உள்ள திருகாணியைத் திறந்து மூட வேண்டும். காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இல்லையென்றால் கல் மாதிரி நிற்கும். அப்பாவுக்குச் சர்க்கரை, பாதம் மரத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது. செருப்பு கழன்றுபோனதே தெரியாமல் நடப்பவருக்குப் பெடல் என்ன தெரியும்? அதனால் அம்மா ஏறினார். தலையணை உறையில் பழைய துணியைத் திணித்து ஒரு மெத்தை தைத்து, சீட்டில் போட்டுக்கொண்டார்.

"மிதி... பிடி... விடு. காத்து போச்சா?"

"இல்லீங்க. இன்னும் கீது."

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் போயின. பவர் ஸ்டீயரிங் மாற்றினார், வயரிங் மாற்றினார், பிரேக்குக்குப் புது பூஸ்டர் வைத்தார். ஒவ்வொன்றும் வைத்தபின் இன்னொன்றைக் கழற்றினார். கழற்றிய ஒவ்வொரு முறையும் குழாயில் காற்று புகுந்தது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது கூப்பிடுவார். கிருத்திகை விரதத்தன்று, பச்சைத் தண்ணீர் குடிக்காத அம்மாவைக் காலையிலிருந்து மூன்று மணி வரை மிதிக்க வைத்தார். இறங்கும்போது முழங்கால் மடங்கவில்லை. "கட்டின மாடுகூட இதவிடச் சுறுசுறுப்பா இறங்கும்" என்றார் அப்பா. அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அதையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

ஒரே ஒருமுறை அம்மாவின் கால் சொன்னதை அப்பா கேட்கவில்லை. கீழே எண்ணெய் வடியும் பாட்டிலில் காற்றுக் குமிழி நின்றுவிட்டது, நீ சும்மா சொல்கிறாய் என்று வண்டியைக் கிளப்பினார். பிரேக் பிடிக்காமல் எங்கள் கேட் தூணே சாய்ந்தது. வண்டி திரும்பப் பின்னால், ஜன்னலுக்கே வந்தது. அதன்பிறகு குமிழியை அவர் நம்பவில்லை. பெடலில் இருக்கும் கால் என்ன சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு. அதற்காக அம்மாவுக்கு மரியாதை கூடியது என்று நினைத்துவிட வேண்டாம். வேலை கூடியது.

நான் சிஞ்ச்வட்டில் குடியிருக்கிறேன். ஞாயிறுதோறும் வருவேன், அம்மா கையால் சாப்பிடுவேன், போவேன். "நீ இறங்கும்மா, நான் மிதிக்கிறேன்" என்று ஒருமுறைகூட சொன்னதில்லை. கிரீஸ் பட்டால் சுடிதார் வீணாகும்.

கடைசி ஞாயிறும் அப்படித்தான் வந்தேன். அப்பா முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றி வாசல் வழியில் சாய்த்து வைத்திருந்தார். சாப்பாட்டுக்கு முன் அம்மா மார்பைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சர் உள்ளே வர வழியில்லை. எதிர்வீட்டு மராட்டிக்காரத் தம்பிகள் இருவர் ஓடிவந்தார்கள். "காக்கூனா குர்ச்சிவர் பஸ்வா!" என்று கத்தினான் மூத்தவன். அம்மாவை நாற்காலியில் உட்கார வைக்கச் சொல்கிறான். பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கினார்கள். லாரிக்கும் சுவருக்கும் நடுவில் நாற்காலி சிக்கியது. பம்பர் விளிம்பில் அம்மாவின் கை கிழிந்தது.

அப்போது அப்பா பதறிக்கொண்டு சொன்னார்: "பாத்து, பாத்து! கீழ பிரேக் பைப்பு கீது, மிதிச்சிடாதீங்க!"

அம்மா உயிரோடு கேட்ட கடைசி வார்த்தை அதுதான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். அப்பா பயத்தில் உளறினார் என்று சித்தி சொல்கிறார். இருக்கலாம். பயத்தில் வாய்க்கு வந்த பெயர் பைப்பின் பெயர்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஒருவாட்டி வந்து மிதிம்மா. சக்கரம் மாட்டிட்டேன். பிரேக் சரியாப் போச்சுன்னா எடுத்துடலாம். உங்கம்மாவுக்குச் சொன்ன வாக்கு."

ஏறினேன். மெத்தை இன்னும் அவர் உட்கார்ந்த அளவுக்குக் குழிந்திருந்தது. வலது காலை வைத்து மிதித்தேன்.

"காத்து போச்சா?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"இல்லப்பா. இன்னும் கீது."

அடுத்த ஞாயிறும் மிதித்தேன், அதற்கடுத்த ஞாயிறும். அவர் முதுகு தரையில் தேய, எண்ணெய் முகத்தில் சொட்ட, திருகாணியைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறார். வாஷரை மாற்றினார். குழாய் முழுவதையும் மாற்றினார். என் கால் மாறவில்லை. எழுபத்திரண்டு வயது மனிதர் லாரிக்கு அடியிலிருந்து வெளியே வர ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கிறது. நான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டு இருக்கிறேன். சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. நாற்காலியோடு அம்மாவைத் தூக்கிய எதிர்வீட்டுத் தம்பிகளுக்கு நன்றி. தெருமுனையில் பொறுமையாக நின்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு நன்றி. பதினாறாம் நாள் விருந்து முடிந்ததும் லாரி முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்ட உறவினர்களுக்கும் நன்றி. அம்மாவின் படத்தருகே அத்தனை பேர் நிற்கவில்லை.

அச்சுக்குப் போகுமுன் இதைப் படித்துப் பார்க்கச் சொன்னேன். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா. ஆகவே உங்கள் எல்லோரோடும் சேர்ந்துதான் அவரும் இதைப் படிக்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் அவருக்குத் தண்ணீர் கொடுங்கள்.

அப்பா, பிரேக்கில் காற்று இல்லை. பதினாறாம் நாளே இல்லை. முதல் மிதியிலேயே பெடல் கல்லாக நின்றது. அம்மா இருந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பார், நீங்களும் அன்றே அவர் ஜன்னலை விட்டு வண்டியை எடுத்திருப்பீர்கள். ஒரு வருஷமாக அதை அங்கே நிறுத்தி வைத்திருப்பது நான்.

சாவி உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது. எடுங்கள்.

அன்புடன்,
மகள்