திரும்பி வராத மூன்று டப்பாக்கள்

ஒரு நாளைக்கு நாற்பது கிலோ உருளைக்கிழங்கு சாலட் கிண்டுகிற பெண்ணுக்கு, ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்க வராது என்றால் யார் நம்புவார்கள்? வடக்கு ஜப்பானின் அகிதாவில், யொகோதே ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டில், தயார் உணவுப் பிரிவில் பத்தொன்பது வருடமாக நிற்கிறாள் தொகாஷி கினுவே. வயது அறுபத்தொன்று. கிழங்கைத் தோலோடு அவித்து, சூடு ஆறுமுன் உரித்து, பாதியை மசித்துப் பாதியைக் கட்டியாக விடுவாள். வினிகர் தெளித்து, உப்பில் பிழிந்த வெள்ளரியும் மயோனைஸும் சேர்த்து, கடைசியில் புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாயைப் பொடியாக நறுக்கிப் போடுவாள். விறகுப் புகையில் வாரக்கணக்கில் தொங்கி, தவிட்டிலும் உப்பிலும் ஊறிய அந்த முள்ளங்கி இல்லையென்றால் எங்கள் அகிதாக்காரர்கள் சாலட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வீட்டில்தான் வம்பு. கணவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. மூன்று கிழங்குக்குக் குறைத்து அவிக்க அவள் கை கேட்காது. ஊறுகாயோ முழு முள்ளங்கியாகத்தான் பையில் வருகிறது. பிரித்தால் தீர்த்தாக வேண்டும். முதல் நாள் சாப்பிடுவாள். இரண்டாம் நாளும் அதையே சாப்பிடுவாள். மூன்றாம் நாள் பாத்திரத்தைத் திறந்ததுமே எரிச்சல் வரும். பாவம், சாலட் என்ன செய்யும்? எதிரே உட்கார்ந்து 'இன்னைக்கும் இதுதானா' என்று முனக ஒரு ஆள் இல்லை. எரிச்சல் அதனால்தான்.

அவள் இருப்பது நகராட்சி கட்டிய வாடகை வீட்டு வரிசையில். நடுச்சுவர் அட்டை மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் ஒனோதெரா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்திரண்டு வயது. போன இலையுதிர் காலத்தில் மனைவியைப் பறிகொடுத்தவர். தினமும் காலை ஆறு மணிக்கு மனைவியின் படத்துக்கு முன்னால் சோறு வைத்துச் சின்ன மணியை ஒரு தட்டு தட்டுவார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் கினுவே போர்வையை விலக்குவாள். அதற்கு முன்பே விழித்திருந்தாலும் கேட்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

ஜனவரியில் ஒரு நாள் கதவைத் திறந்தால் அவள் வாசல்படி வரை பனி அள்ளப்பட்டிருந்தது. அன்று மாலையே நீல மூடி டப்பாவில் சாலட்டை நிரப்பிக்கொண்டு பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

"ஒனோதெரா-சான், பனிய அள்ளிப் போட்டது நீங்கதானே?"

"என் வாசலோட நிறுத்தினா பாதி வேலையில விட்ட மாதிரி இருந்துச்சு. அதான்."

"இந்தாங்க, கொஞ்சம் சாலட். மிஞ்சிப் போச்சு. குப்பையில போடறதுக்கு உங்களுக்குக் குடுக்கலாமேன்னு..."

"அப்போ நான்தான் குப்பைத்தொட்டியா?" என்றார் அவர் சிரிக்காமல். அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு சிரித்தார். டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பாதையில் பார்த்தபோது, "பல்லுக்கு நல்ல வேலை குடுத்தீங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு கினுவே அந்த வாரத்தையே ஓட்டினாள்.

ஆனால் டப்பா வரவில்லை. எங்கள் ஊரில் கொடுத்த பாத்திரம் திரும்பி வரும், காலியாக வராது. இரண்டு ஆரஞ்சு, ஒரு பிடி உலர்ந்த காளான், எதுவுமே இல்லாவிட்டால் ஒரு தீப்பெட்டியாவது உள்ளே இருக்கும். கினுவேக்கு ஆரஞ்சு வேண்டியதில்லை. டப்பாவோடு ஆள் வந்து கதவைத் தட்ட வேண்டும், இரண்டு வார்த்தை பேச வேண்டும். பிப்ரவரியில் பச்சை மூடி டப்பா போனது. அதுவும் வரவில்லை. மனசு கேட்காமல் சிவப்பு மூடி டப்பாவையும் கொடுத்தாள். அவர் காது சிவக்க, "டப்பாவ... குடுத்துடறேன்" என்று முணுமுணுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு அவள் எழுமுன்பே பனி அள்ளிவிட்டு உள்ளே போய்விடுவார். அவளைக் கண்டால் ஒதுங்கினார்.

சாலட் மேஜையில் பக்கத்தில் நிற்கும் சிகுசாவுக்கு வாய் சும்மா இருக்காது. "மூணு டப்பாவா? அக்கா, அந்த மனுஷன் பாத்திரக்கடை வைக்கப் போறார் போல."

"மறந்திருப்பாருடீ."

"ஒண்ண மறக்கலாம். மூணயுமா? உங்களுக்கு ஒண்ணும் புரியலக்கா. அவருக்கு உங்க சாலட் பிடிக்கல, சொல்ல வாய் வரல, அவ்வளவுதான்."

கினுவே வெள்ளரியைப் பிழிந்த பிழியில் அதற்கு உயிர் இருந்தால் கத்தியிருக்கும்.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. எரிக்கும் குப்பை எடுக்கும் நாள். நகராட்சிப் பை கண்ணாடி மாதிரி. யார் என்ன தின்றார்கள், எதை வீணாக்கினார்கள் என்று தெருவுக்கே தெரியும். அதற்கு மேல் பெயரும் எழுத வேண்டும். காக்கை கிளறாமல் பைகள்மேல் போர்த்தியிருந்த வலையைத் தூக்கித் தன் பையை வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒனோதெரா என்று எழுதிய பையில் மசித்த உருளைக்கிழங்கு, கட்டி கட்டியாக. நடுவே பழுப்பு நிறத்தில் முள்ளங்கி ஊறுகாய்.

குப்பைத்தொட்டியா என்று கேட்ட மனுஷர் நிஜமாகவே குப்பையில் போட்டிருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் சீக்கிரம் வந்தது. வேலைக்குப் போகுமுன் ஒரு காகிதத்தில் எழுதி அவர் தபால் பெட்டியில் போட்டாள்: 'மூன்று டப்பாக்களும் தேவைப்படுகின்றன. காலியாகவே தந்தால் போதும். தொகாஷி.'

எங்கள் ஊரில் ஒருவரிடம் காலி டப்பாவைக் கேட்பதற்குப் பதில் கன்னத்தில் ஒன்று கொடுத்துவிடலாம். அது கினுவேக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதினாள்.

மறுநாள் கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. நீலம், பச்சை, சிவப்பு. சுத்தமாகக் கழுவித் துடைத்த மூன்று காலி டப்பாக்கள்.

ஞாயிறு காலை மணிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. வாசலில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, விடைபெறும்போது தரும் துண்டுப் பொட்டலத்தை நீட்டியபடி நின்றாள்.

"நான் யுகாரி. ஒனோதெராவோட மக. அப்பாவ என்கூட செந்தாய் நகரத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். இவ்வளவு நாள் அவரப் பாத்துக்கிட்டீங்க, ரொம்ப நன்றி."

"இன்னைக்கா?"

"இப்பவே. புதுவருஷத்திலயே முடிவு பண்ணினது. அப்பாதான், டப்பாக் கடன் தீரட்டும், அப்புறம் வரேன்னு இழுத்துக்கிட்டே இருந்தார்."

கினுவே பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

"கடையில வாங்கிப் போட்டுக் குடுங்கப்பான்னு எவ்வளவோ சொன்னேன். 'அவங்க கையால செஞ்சது, நானும் கையால செஞ்சுதான் குடுக்கணும்'னுட்டார். முட்டை அவிக்கக்கூடத் தெரியாத மனுஷன் ரெண்டு மாசமா உருளைக்கிழங்கு அவிச்சுக்கிட்டு இருந்தார். குழைஞ்சு போச்சு, வேகல, உப்பு ஏறிப்போச்சுன்னு எனக்கு ஃபோன் வரும். செஞ்சதெல்லாம் குப்பைக்குத்தான் போச்சு." அவள் சிரித்தாள். "வெள்ளிக்கிழமைதான் ஒரு வழியா நல்லா வந்துச்சாம். சிவப்பு டப்பாவில போட்டு வச்சிருந்தார். அப்பதான் உங்க காகிதத்தப் பாத்திருக்கார். காலியாத்தானே கேட்டிருக்காங்கன்னு அவரே சாப்பிட்டுட்டுக் கழுவி வச்சுட்டார்."

குப்பைப் பைக்குள் கிடந்த முள்ளங்கித் துண்டுகள் கண்ணுக்குள் வந்தன. கட்டைவிரல் தடிமன். பத்தொன்பது வருடம் பொடியாக நறுக்கிய கை. அது தன் நறுக்கு இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்க வேண்டாமா? கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

செருப்பைச் சரியாக மாட்டாமல் தெருவுக்கு ஓடினாள். காரின் முன் சீட்டில் ஒனோதெரா மடியில் மனைவியின் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை இறக்கினார்.

"ஒனோதெரா-சான், அந்த சாலட்... கொஞ்சங்கூட மிச்சம் இல்லையா?"

அவர் அவளையே பார்த்தார். "இல்லயே. நல்லாக் கழுவிட்டேன், தொகாஷி-சான்."

"நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. தப்புப் பண்ணிட்டேன்."

"நானா கேரட்டும் போட்டேன், அது கொஞ்சம் வேகல," என்றார். "மத்தபடி நல்லாத்தான் இருந்துச்சு. பல்லுக்கு வேலை குடுத்துச்சு."

யுகாரி வந்து வண்டியை எடுத்தாள். தெருமுனையில் பனிக்குவியலைச் சுற்றிக் கார் திரும்பும்வரை கினுவே நின்றாள்.

மறுநாள் ஆறு மணிக்கு விழித்துக் காத்திருந்தாள். சுவர் பேசவில்லை. ஆறரைக்குத் தானே எழுந்து, அடுப்படிக்குப் போய், சிவப்பு டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தாள். எவ்வளவு கழுவினாலும் பிளாஸ்டிக்கிலிருந்து புகை வாசனை போகாது. முகத்துக்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்தாள். வாசனை இருந்தது. அது தன் ஊறுகாயின் வாசனையா, அவர் போட்ட ஊறுகாயின் வாசனையா என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.